கல்லறைத் தோட்டத்தில் தோட்டம் எங்கே?



ஆடி மாதம் பிறக்கவிருக்கும் வேளையில், நவம்பர் மாதத்துக் கல்லறைத் திருநாளைப் பற்றி எழுதத் தொடங்குகிறோமே என்று வியக்க வேண்டாம். நவம்பர் 2ஆம் நாளுக்கு வேண்டிய மலரை முந்தின நாள் மாலையில் கடைத்தெருவில் வாங்கிவிடலாம். வளர்க்க வேண்டுமாயின் இப்பொழுதே விதையைத் தேடியாக வேண்டும். இம்மாதம் நாம் பேசவிருப்பது வாங்கும் மலரைப் பற்றியன்று. வளர்க்கும் மலரைப் பற்றியே.

இறந்தோரை ஒப்படைக்கும் இடத்திற்குத் தமிழில் சுடுகாடு என்றும் இடுகாடு என்றும் பெயர்கள் உண்டு. இரண்டிலும் 'காடு' இருக்கிறது. கிறிஸ்தவத் தமிழர் வழங்கும் சொல்லோ 'கல்லறைத் தோட்டம்'. இச்சொல் நற்செய்தியின் நறுமணம் கமழும் சொல். ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட இடத்தருகே ஒரு தோட்டம் இருந்தது, அத்தோட்டத்திலே புதிய கல்லறை ஒன்று இருந்தது என்று யோவான் தம் 19ஆம் அதிகாரத்தில் குறித்து வைத்திருக்கிறார். அடுத்த அதிகாரத்தில் மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரை எதிரில் கண்டும், அவர் தோட்டக்காரர் என்றே எண்ணிப் பேசுகிறார். முட்புதரும் குப்பைமேடுமான ஓரிடத்தில் யாரும் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார்கள் அன்றோ? பேணப்பட்ட பாத்திகள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நம் ஊர்களில் பெயர் இருக்கிறது, தோட்டத்தைக் காணோம். ஆண்டில் 11 மாதங்கள் சீமைக் கருவேலும் கோரையும் மண்டிக் கிடக்கும். அக்டோபர் இறுதியில் ஆள் வைத்து வெட்டுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், 2ஆம் நாள் மாலை மெழுகுதிரிகளின் ஒளியில் எல்லாம் அழகாகத் தோன்றும். மறுநாள் காலையில் சென்று பாருங்கள். நாரில் தொடுத்த மாலைகள் வாடிச் சில நாள்களில் மண்ணோடு மண்ணாகும். நெகிழி மாலைகளோ வாடுவதுமில்லை, மட்குவதுமில்லை. ஐப்பசி மழை அவற்றை வாய்க்காலுக்கு இழுத்துச் செல்கிறது. வாய்க்கால் குளத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. எஞ்சியவற்றைக் குவித்துத் தீயிட்டால் எழும் நச்சுப்புகை அண்டை வீட்டுக் குழந்தைகளின் மூச்சில் கலக்கிறது. மெழுகுதிரிச் சுடர் பட்டு நெகிழி மாலை பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. 'வாடாத மலர், ஒரு முறை வாங்கினால் போதும்' என்று சொல்லி விற்கிறார்கள். வாடாத மலரை வைத்துவிட்டால் மீண்டும் வரவேண்டியதில்லை என்னும் எண்ணம் அதற்குள் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லறைத் திருநாள் மாலையில் புனித நீர் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சென்றுகொண்டிருந்தோம். ஒரு மண்மேட்டின் அருகே நின்ற பெண்மணி, கையில் இருந்ததை முந்தானையால் மூடிக்கொண்டார். கட்டட வேலைக்குச் செல்பவர். அங்கே கிடந்தது அவருடைய மகன். இருபுறமும் ரோசா மாலைகள் குவிந்த கல்லறைகள். அவர் கையிலிருந்தது வழியோரத்தில் பறித்த நித்தியகல்யாணி. "சாமி, இதை வைக்கலாங்களா? சுடுகாட்டு மல்லின்னு சொல்றாங்களே" என்று மெல்லிய குரலில் கேட்டார். வைக்கச் சொன்னோம், மந்திரித்தோம். ஆயினும், இறந்த பிள்ளைக்குப் பூ வைக்க ஒரு தாய் வெட்கப்பட வேண்டிய நிலை ஒரு பங்கில் இருக்கலாமா என்னும் கேள்வி நம்மைவிட்டு நீங்கவில்லை. சந்தையில் அன்று பூவின் விலை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நமது யோசனை இதுதான். ஒவ்வொரு பங்கின் கல்லறைத் தோட்டத்திலும் வாயிலருகே ஒரு பொதுப் பாத்தி அமையட்டும். 4 அடி அகலம், 20 அடி நீளம் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அதில் பூப்பவை யாருக்கும் உரியவை அல்ல. அன்று வரும் எவரும் ஒரு கை பறித்துத் தம் கல்லறைக்குக் கொண்டுபோகலாம். உறவினர் வந்து பாராத கல்லறைகளுக்கும், 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் மாலையும் ஊர்வலமுமின்றி அடக்கம் பெற்றவர்களுக்கும் மறைக்கல்வி மாணவர் கொண்டு வைக்கலாம். திருச்சபை தன் வழிபாட்டில் செய்வதும் இதுவே. குருக்கள் இந்நாளில் 3 திருப்பலிகள் நிறைவேற்றும் உரிமையை, முதல் உலகப் போரின் நடுவே 1915இல் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் திருச்சபை முழுவதற்கும் வழங்கினார். அவற்றுள் ஒன்று குறிப்பிட்ட ஒரு கருத்துக்காக, ஒன்று திருத்தந்தையின் கருத்துக்காக. மற்றொன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும். இந்த ஒன்றன் சாயலில் அமைவதே நாம் சொல்லும் பாத்தி.

நிற்க. என்னென்ன செடிகளை நடுவது? ஆங்கிலத் தோட்ட நூல்களைப் புரட்டினால் இலையுதிர்காலப் பாத்திக்கென நீண்ட பட்டியல்கள் கிடைக்கும். அவற்றை அப்படியே எடுத்தாளுதல் தகாது. மேனாட்டில் அக்டோபர், நவம்பர் என்பது இலை பழுத்து, குளிர் கூடி, செடிகள் ஓய்வுக்குச் செல்லும் காலம். நமக்கோ அது ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்ப் பருவம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அதிலிருந்து டிசம்பர் முடிவதற்குள் கொட்டிவிடும். நம் திருநாள் அம்மழையின் வாயிலில் நிற்கிறது. எனவே அழகைப் பார்ப்பதற்கு முன் செடியிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'நீ மழையைத் தாங்குவாயா?' என்பதுதான்.

இக்கேள்விக்கு முதலில் தலைநிமிர்ந்து விடை சொல்வது வாடாமல்லி. அதன் பூ, காகிதம்போல் உலர்ந்த சிறு செதில்கள் திரண்ட உருண்டை. நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளாது. மழை பெய்து வெயில் வந்தால் மீண்டும் பழைய நிறத்துடன் நிற்கும். பறித்து வைத்தாலும் பல நாள் நிறம் மாறாது. நெகிழிப் பூ விற்பவர் செயற்கையாகச் செய்ய முயல்வதை இச்செடி இயல்பாகவே செய்துவிடுகிறது. அதன் பின் மண்ணாகவும் மட்கிவிடுகிறது. அதன் கத்தரிப்பூச் சாயல், அன்றைய திருப்பலிக்கு நாம் அணியும் ஊதா உடைக்கு நெருங்கிய உறவு. புடவைக் கடைக்காரரும் 'வாடாமல்லி நிறம்' என்றே ஒரு நிறத்திற்குப் பெயர் வைத்திருக்கிறார் அல்லவா? இதன் விதை பஞ்சு போன்ற உறையுள் இருப்பதால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தல் நலம். விதைத்த 3 மாதங்களுக்குள் பூக்கும்.

அடுத்தது துலுக்கச் சாமந்தி. கேந்தி என்றும் செண்டுமல்லி என்றும் ஊருக்கு ஒரு பெயர். பெயரைக் கேட்டுத் துருக்கியிலிருந்து வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலேயர் இதையே ஆப்பிரிக்க மலர் என்கிறார்கள், அதுவும் பிழை. இதன் தாயகம் மெக்சிகோ நாடு. அங்கே இன்றும் நவம்பர் முதல் இரு நாள்களில் இறந்தோர் நினைவாக, இல்லத்துப் பீடங்களையும் கல்லறைகளையும் இம்மலரால்தான் அணி செய்கிறார்கள். நம் நாட்டிற்கு வந்து எல்லாச் சமயத்தாரின் விழாக்களிலும் இடம்பெற்றுவிட்ட இம்மலர், நம் கல்லறைக்கு வரும்பொழுது தன் பழைய பணிக்கே திரும்புகிறது எனலாம். ஆங்கிலத்தில் வழங்கும் 'மாரிகோல்டு' என்னும் பெயர், மேரியின் பொன் என்று பொருள்படும். ஐரோப்பாவில் வேறொரு பொன்னிற மலருக்குப் பக்தர்கள் இட்ட பெயர் பின்னர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

இச்செடியில் ஒரு தேர்வு செய்ய வேண்டும். பந்துபோல் பருத்த பூவுடைய வகையைக் கண்டு மயங்குகிறோம். பருத்த பூ மழைநீரைக் குடித்துக் கனத்து, கழுத்தொடிந்து தொங்கும். உள்ளே அழுகத் தொடங்கும். சிறு பூவுடைய குட்டை வகையோ முழங்காலுக்குக் கீழே நின்று, எத்தனை மழைக்கும் குனிந்து நிமிரும். எனவே பாத்தியின் முன்வரிசை முழுவதும் சிறு வகை, நடுவில் பருத்த வகையில் சில என்று வைத்துக்கொண்டால், அடைமழை ஆண்டிலும் கை வெறுமையாகாது. இதன் வேர் மண்ணிலுள்ள சில நூற்புழுக்களை அடக்கும் தன்மையது என்பதால் காய்கறித் தோட்டக்காரரும் இதை விரும்புகின்றனர்.

கோழிக்கொண்டையைப் பற்றி நம் மறைக்கல்விச் சிறுவன் ஒருவன், "பேதுருவின் பூ" என்றான். சேவல் கூவியதும் வெளியே சென்று மனங்கசந்து அழுத அப்போஸ்தலரை எண்ணிச் சொன்னான். இறையியல் படித்த நமக்கு அது தோன்றவில்லை! கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று இரு நிறமும் எளிதில் கிடைக்கும். மழையில் மடிப்புகளுக்குள் நீர் தங்கினாலும், சில வாரங்களுக்குக் குறையாமல் நிற்கும். காற்றில் சாயாதிருக்க ஒரு குச்சி ஊன்றிக் கட்டினால் போதும்.

பாத்தியின் பின்புறத்தில், நீர் வழிந்தோடும் தாழ்ந்த பக்கமாகப் பார்த்துக் கல்வாழையை ஊன்றலாம். பிற செடிகள் அழுகும் ஈரத்தில் அது செழிக்கும். சிவப்பும் மஞ்சளுமாக ஆள் மார்பளவு உயர்ந்து, முன்னுள்ளவற்றுக்குத் திரைபோல் நிற்கும். அதன் கரிய கடின விதைகளைச் சில நாடுகளில் செபமாலை மணிகளாகக் கோத்திருக்கிறார்கள். வேப்பமர நிழலில் பூச்செடி எதுவும் வராத இடத்தில் கோலியஸ் துண்டுகளை நட்டால், மேனாட்டாரின் பழுத்த இலை நிறங்கள் யாவும் அங்கே வந்துவிடும்.

காசித்தும்பை நம் நாட்டுச் செடிதான். ஆனால் அதன் தண்டு நீர்ச்சத்து மிகுந்தது, இதழ் ஒரு மழைக்கே உதிரும். இந்நாளுக்கு அது உதவாது.

சாமந்தியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பிரான்சு நாட்டில் கல்லறைக்கு உரிய மலரே சாமந்திதான். அதனாலேயே அங்கே விருந்துக்குச் செல்வோர் அதைக் கொண்டுசெல்வதில்லை. நம்மிடமும் நிலக்கோட்டைப் பக்கத்திலும் ஓசூர்ப் பக்கத்திலும் உழவர் அதைத் திறம்பட விளைவிக்கின்றனர். ஆயினும் கல்லறைப் பாத்திக்கு நாம் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். அது நீண்ட இரவை எதிர்பார்த்து மொட்டுவிடும் செடி. கல்லறை வாயிலில் விடியவிடிய எரியும் மின்விளக்கின் அடியில் அதை வைத்தால், இரவு வந்ததே அதற்குத் தெரியாது, பூப்பது தள்ளிப்போகும். விளக்கு இல்லாத பக்கமாகப் பார்த்து, மழை படாத தாழ்வாரம் ஒன்றும் இருக்குமாயின் தொட்டிகளில் வைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தாய் கொண்டுவந்த நித்தியகல்யாணிக்கு நாம் பாத்தியின் மேட்டுப் பகுதியில் இடம் ஒதுக்கினோம். வறட்சியைத் தாங்கும், நீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். ஆண்டு முழுவதும் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்று இகழப்படும் இச்செடியின் இலையில் ஊறும் வேதிப்பொருள்களிலிருந்து, 1950களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளின் பயனாக, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது. வின்கிரிஸ்டின் என்னும் அம்மருந்து இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் செடியை வீட்டில் அரைத்துக் குடிக்கும் துணிவு எவருக்கும் வேண்டாம். அது நச்சுத்தன்மை உடையது.

நஞ்சு என்றதும் செங்காந்தள் நினைவுக்கு வருகிறது. நம் மாநில மலர், கார்த்திகையில் சுடர்போல் மலர்வது, கண்டவர் கண்ணை எடுக்க முடியாத அழகு, யாவும் உண்மை. ஆயினும் அதன் கிழங்கு உயிரைக் குடிக்க வல்லது. சிறுவர்கள் களை பறிக்கும் பாத்தியில் அது வேண்டவே வேண்டாம். வேலியோரத்தில் தானாக வந்தால் தூர நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி நாள் கணக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நம்மவர்க்கு நினைவிருக்கும்படி திருவழிபாட்டு நாள்காட்டியைக் கொண்டே சொல்லிவிடுகிறோம். தோட்டக்காரர் என்று ஆண்டவரை அழைத்த மகதலா மரியாவின் திருவிழாவாகிய ஜூலை 22ஆம் நாளன்று, வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் நாற்றங்காலில் விதையுங்கள். கல்வாழைக் கிழங்கையும் அதே வாரத்தில் ஊன்றலாம். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் நினைவு நாள் ஆகஸ்ட் 4. அன்று பருத்த கேந்தி விதை. (பங்குத்தந்தையே தம் கையால் விதைத்தால் மக்கள் மகிழ்வர்.) நாற்றங்கால் 25 நாள். வேளாங்கண்ணியில் கொடியேறும் ஆகஸ்ட் 29ஆம் நாளையொட்டி, நாற்றைப் பிடுங்கிச் செடிக்குச் செடி ஒன்றேகால் அடி விட்டு மாலை வேளையில் நடவேண்டும். சிறுவகைக் கேந்தி விதைத்த 50, 60 நாளிலேயே பூத்துவிடும் என்பதால், அதை ஆகஸ்ட் இறுதியில் விதைத்தால் போதுமானது. அதிதூதர்கள் திருவிழாவான செப்டம்பர் 29இல் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளிவிட்டால், பக்கக் கிளைகள் பெருகும்; நட்ட 60 நாளளவில், அதாவது அக்டோபர் இறுதியில், பூ கிடைக்கும். மழையும் வெயிலும் ஒரு வாரம் முன்பின்னாக இழுக்கும். அதற்குத்தான் ஒரே வகையை நம்பாதீர்கள் என்கிறோம்.

பாத்தி தரைமட்டத்திலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் வடிகால் தேவை. களிமண் பூமியானால் மணலும் மட்கிய தொழுவுரமும் தாராளமாகக் கலக்க வேண்டும். 4 அடிக்கு மேல் அகலம் கூடாது. இருபுறமும் நின்று நடுவரை கை எட்ட வேண்டும், செடியை மிதிக்கலாகாது. நாற்றங்காலுக்குப் பூவாளியால் அளவாக நீர் தெளிக்க வேண்டும். மிகுந்தால் நாற்று கழுத்தழுகிச் சாயும். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லாமல் சிறிது சாம்பல் தூவலாம். முழுவதையும் நட்டு நிரப்பிவிடாமல், ஓரத்தில் 2 அடியைச் சும்மா விடுங்கள். மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்பொழுதும் தொடாமல் விடும்படி அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கேட்டுக்கொண்டதையும், காட்டுப் பூக்கள் அங்கே தாமாக வளரட்டும் என்று அவர் விரும்பியதையும், திருத்தந்தை பிரான்சிஸ் தம் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் 2015இல் நினைவூட்டினார். நம் இரண்டடியில் தும்பை வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பூ வியாபாரமாகிவிடும். நம் தமிழகத்தில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இறந்தோரைச் சாதியால் பிரிக்கும் சுவர் இன்னும் நிற்கிறது. வழிபாட்டில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களை மண்ணுக்குள் பிரித்து வைக்கும் அச்சுவரைப் பற்றிப் பல முறை பேசியாயிற்று. இங்கே நாம் சொல்ல வருவது சிறியது. அத்தகைய ஊரில் அழகுக்காக அந்தச் சுவரின் அடியில் பாத்தி போட்டுவிடாதீர்கள். பூங்கொடி படர்ந்த சுவரை இடிக்க மனம் வராது. பாத்தி வாயிலில் இருக்கட்டும். இரு பக்கத்தாரும் ஒரே இடத்தில் குனிந்து பறிக்கட்டும். நீர் ஊற்றும் முறையும் அவ்வாறே வாரத்துக்கு ஒரு அன்பியம் எனச் சுற்றி வரட்டும். தெருவாரியாகப் பிரித்துக்கொடுத்தால் பாத்திக்குள்ளும் சுவர் எழும்பிவிடும்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்போர், உரிய நிபந்தனைகளை நிறைவேற்றி, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம் என்பதைப் பங்கு மக்கள் அறிவார்கள். முதல் நாளே பாத்தியை மொட்டையடித்துவிட்டால் 8ஆம் நாள் வருபவருக்கு ஒன்றும் இராது. ஆகவே செடிக்கு மூன்றில் ஒரு பங்கு பூவைத் தொடாமல் விடும்படி ஒரு சிறுவனை நிறுத்தி அன்போடு சொல்லச் செய்யுங்கள். கேந்தியில் பறிக்கப் பறிக்கப் புது மொட்டு வரும். கோழிக்கொண்டையில் நடுக்கொண்டை போனால் அதே அளவில் மற்றொன்று வாராது.

மாத இறுதியில் முற்றிய பூக்களில் சிலவற்றைச் செடியிலேயே காயவிட்டு, மழை ஓய்ந்த நண்பகலில் பறித்து, நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கிய ஒட்டுவிதையாயின் மறு ஆண்டு தாய்ச்செடியைப்போல் வாராது. நாட்டு வகையாயின் நம்பி எடுக்கலாம். துணிப்பையில் கட்டி, ஆண்டையும் செடியின் பெயரையும் எழுதி, கோயில்பிள்ளையிடம் ஒப்படைத்தால், திருநீற்றுப் புதனுக்கென்று பழைய குருத்தோலைகளைக் காத்து வைக்கும் திருப்பொருள் அறையிலேயே அவர் இதையும் வைத்திருப்பார். எலி நுழையாத தகரப் பெட்டியாக இருத்தல் வேண்டும்.